மாமாங்கத்துக்கு வாறாக்களுக்கு ஒரு புதிர்ப் பெட்டி

குழு: கல்லடி வீட்டாக்கள்

ரொறன்ரோ அண்ணா, காலை 7:10
மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எல்லாரும் வாறம். டிக்கெட் போட்டாச்சு. சின்ன மாமா, ஊரில ஒரு ஜியோகேஷ் புதிர், அதுதான் ஜிபிஎஸ் பார்த்து ஒளிச்சு வச்ச பெட்டிய தேடுற விளையாட்டு, செய்து வைக்கட்டாம். புள்ளையள் ஒரே ஆக்கினை.

பெரிய மாமி
கணக்கு இரிந்தா நான் வரல்ல

சுபா அக்கா
நானும். எக்ஸ் எண்டாலே தலையிடி

சின்ன மாமா
பொறுங்க, எழுதுறன்.

குட்டித் தம்பி
போச்சு 😂

சின்ன மாமா, காலை 7:31
வடிவா வாசிங்க. 2000 மே 2ஆம் திகதிதான் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலை வேணுமெண்டே குழப்பி வச்சதை நிப்பாட்டின. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில ஒராள் ஒரு வாளிய ஒளிச்சு வச்சிட்டு இடத்தை இணையத்தில போட்டார். அங்க துவங்கின விளையாட்டு இது. புதிர்ப் பெட்டிக்கு இடத்தை நேராச் சொல்ல மாட்டாங்க, விடையக் கண்டாத்தான் இடம் தெரியும். ஆனா விடை கணக்காத்தான் இரிக்க வேணுமெண்டு ஒரு சட்டமும் இல்ல! வடக்கு 7 பாகை 43 நிமிசம், கிழக்கு 81 பாகை 42 நிமிசம் எண்டதை நானே எழுதித் தருவன். புள்ளிக்குப் பிறகு மூண்டு, மூண்டு, ஆக ஆறு இலக்கம் மட்டும் நீங்க எடுக்க வேணும். கூட்டல் பெருக்கல் கிடையாது. கண்ணால பார்த்து, ஆரையும் கேட்டு, ஞாபகத்தில இருந்து எடுக்கிற இலக்கம்.

பெரிய மாமி
தீர்த்தத்தண்டு சமையல் ஆர்?

சுபா அக்கா
நான் மரக்கறி பாக்கிறன். பருப்பு நீங்க

ரொறன்ரோ அண்ணா
மாமா, ஒரு உதாரணம்?

சின்ன மாமா
முதல் இலக்கம், பழைய கல்லடிப் பாலம் திறந்த வருசத்தின்ர கடைசி எண். 1924, அப்ப 4.

குட்டித் தம்பி
அதை கூகிளே சொல்லும்

சின்ன மாமா
சொல்லட்டும் மருமகன். கணக்குக்குப் பயந்தாக்களுக்கு முதல் விடை கெதியா வந்தாத்தான் அடுத்ததுக்கு மனம் வரும். இன்னொண்டும் இரிக்கு. புள்ளிக்குப் பிறகு முதல் இலக்கம் ஒண்டால பிழைச்சா 185 மீற்றர் தள்ளிப் போயிரும். வாவிக்குள்ளதான் நிக்க வேணும். அதால ஆகச் சுகமான கேள்விய அந்த இடத்தில போடுறன்.
அடுத்தது சுபா, நீ வாசலில ஒரு கோலம் போடு. அதுக்குள்ள ௭ ஒளிச்சிரிக்க வேணும். பாக்கிறாக்களுக்கு எ எண்டு தெரியும், தமிழ் இலக்கம் ஏழு எண்டு புள்ளையள் ஆரும் பெரியாக்களிட்டக் கேட்டுத்தான் பிடிக்க வேணும்.

சுபா அக்கா
ஐ இது நல்லாரிக்கே

பெரிய மாமி
நான் ஒண்டு சொல்லவா. அம்மம்மாக்கு எத்தின புள்ள?

குட்டித் தம்பி
7

ரொறன்ரோ அண்ணா
7

பெரிய மாமி
அம்மம்மாட்டயே கேட்டுப் பாருங்க. எட்டெண்டுதான் சொல்லுவா.

சுபா அக்கா
தொட்டில்லயே போன மாமா...

பெரிய மாமி
ஓம் கா. ஒரு நாளும் அவரை விட்டுட்டு எண்ண மாட்டா.

குட்டித் தம்பி
அப்ப ரெண்டு விடை. புதிர் சரிவராதே

சின்ன மாமா, காலை 8:02
சரிவரும். அதைக் கடைசி இலக்கமா வைப்பம். அங்க ஒண்டு கூடினாலும் குறைஞ்சாலும் இடம் ரெண்டு மீற்றர் கூட மாறாது. மரத்துக்குக் கீழ போனே அதை விடக் கூடத் தள்ளிக் காட்டும். 7 போட்டாக்களுக்கும் பெட்டி கிடைக்கும், 8 போட்டாக்களுக்கும் கிடைக்கும். ஆரும் அவக்கிட்டப் போய்ப் பிழையெண்டு சொல்ல வேண்டி வராது.

பெரிய மாமி
🙏

ரொறன்ரோ அண்ணா
அருமை மாமா. பெட்டிய மாமாங்கக் குளத்தடியில வைப்பமா?

பெரிய மாமி
திருவிழாச் சனத்துக்க தனியப் பெட்டியா? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிச்சது மறந்து போச்சா? பொலிசுதான் வரும்.

சின்ன மாமா
அண்ணி சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. கோயில், சேர்ச், பாலம் ஒண்டும் வேணா. உள்ள கிடக்கிறது வெளிய தெரியிற பிளாஸ்டிக் பெட்டி, மேல பேர், உள்ள கொப்பியும் பென்சிலும். காணிக்காரரிட்டக் கேட்டுத்தான் வைக்க வேணும், மண்ணுக்குள்ள புதைக்கவும் கூடாது. ரெண்டும் விளையாட்டின்ர சட்டம். எங்கட வேலி வேப்பமரம் எப்பிடி?

பெரிய மாமி
அது ஆருட பக்கத்து மரமெண்டு முதல்ல அண்ணனும் தம்பியும் பேசி முடிங்க

குட்டித் தம்பி
😬😬

சின்ன மாமா
ஞாயிறு பின்னேரம் வந்து அண்ணனோட கதைக்கிறன்.

பெரிய மாமி
வாற நேரம் ரெண்டு சட்டி தயிர் வாங்கிட்டு வாங்க. பாலத்துக்கு இஞ்சால கடையில வேணா, புளிப்பு

ரொறன்ரோ அண்ணா
அப்ப மரமா, வேற இடமா? நான் தளத்தில பதிய வேணும்

சுபா அக்கா
கோலம் எத்தின புள்ளி மாமா?

சின்ன மாமா
பொறு, எழுதுறன்.