உதவி: லைக்காவுக்கு 21 லென்ஸா, 28 லென்ஸா? வியூஃபைண்டர் எது? (அவசரம்)

மாடவீதி
வணக்கம். லைக்கா டிஜிட்டல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கூடவே 50 மி.மீ. லென்ஸ் (இந்த நம்பர் குறையக் குறைய படம் அகலமாக விழும்). தெருவில் எடுக்க அது ரொம்ப நெருக்கம், வடக்கு மாட வீதியில் இரண்டடி பின்னால் நகர்ந்தால் பூக்கூடையில் கால் வைக்க வேண்டியதுதான். அகல லென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒருவர் வாய்க்ட்லாண்டர் கம்பெனியின் 21 எஃப்4 (எஃப் நம்பர் குறைந்தால் உள்ளே வரும் ஒளி அதிகம்) பழையது விற்கிறார், இன்னொருவரிடம் அதே கம்பெனி 28 எஃப்2 இருக்கிறது. 21 எடுத்தால் மேலே மாட்டுகிற வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை) தனியாக வாங்க வேண்டுமாம். அது எந்த நம்பர், 21தானே? மார்கழி பிறப்பதற்குள் வேண்டும், விற்பவர் நாளைக்குள் பதில் கேட்கிறார். தெரிந்தவர்கள் சட்டென்று சொல்லவும்.

47டி_ஜன்னலோரம்
எந்த லைக்கா? எம் வரிசையில் எந்த மாடல்? கண்ணாடி போடுகிறவரா? காலையா இரவா, எப்போது எடுப்பீர்கள்? இதெல்லாம் தெரியாமல் 21, 28 என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

ராயப்பேட்டை_ரோல்
இரண்டும் வேண்டாம் ப்ரோ, 35 வாங்குங்கள். உலகமே 35இல்தான் தெருப் படம் எடுத்தது. முடிந்தால் டிஜிட்டலை விற்றுவிட்டு ஃபில்ம் பாடி வாங்குங்கள், மனசுக்கு நிம்மதி.

சில்வர்ஜெலட்டின்
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, தேடிப் பார்க்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் வருவதில்லை. பாடி எது என்று சொல்லாமல் லென்ஸ் கேட்பது, கால் அளவு சொல்லாமல் செருப்புக் கேட்பது மாதிரி. முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்கிற கேமரா) என்றால் என்ன என்று கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. வெளி வியூஃபைண்டரில் ஃபோகஸ் செய்ய முடியாது என்பதாவது தெரியுமா? ஃபோகஸ் உள்ளே, ஃபிரேம் மேலே. இரண்டு ஓட்டைக்கும் கண்ணை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

மாடவீதி
எம்தான் சார். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது. முன்பக்கம் முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார், யாரும் விலை உயர்ந்த கேமரா என்று கண்டுபிடிக்கக் கூடாதாம், பிரிக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். கண்ணாடி போடுகிறவன்தான். மார்கழி பஜனை எடுக்கப்போகிறேன். அப்புறம் இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, நேற்று கோயில் வாசலில் ஐயப்ப சாமிகள் சிலரை எடுத்தேன், சிலர் வேட்டி கறுப்பாகவே இருக்கிறது, சிலர் வேட்டி கத்தரிப்பூ நிறத்தில் விழுந்திருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் மாற்றியும் போகவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் லென்ஸ்.

பிக்சல்_பெருங்குடி
அது சென்சார் அரிப்பு! எம்9 மாடலின் சென்சாரில் (ஒளியைப் பதிகிற சில்லு) வருகிற வியாதி, மேல் கண்ணாடி அரித்துப்போகும். லென்ஸ் எல்லாம் வாங்காதீர்கள், கேமராவையே மாமாவிடம் திருப்பிக் கொடுங்கள்.

47டி_ஜன்னலோரம்
இல்லை. அரிப்பு என்றால் எஃப்16இல் வானத்தை எடுக்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரியும், வேட்டி மட்டும் பார்த்து நிறம் மாறாது. மாடவீதி, ஒன்று பாருங்கள்: கேமராவைப் பிடித்தபடி மேலிருந்து பார்த்தால் இடது ஓரத்தில் வட்டமாக ஒரு குட்டித் திரை இருக்கிறதா? பேட்டரியும், மிச்சம் எத்தனை படம் என்பதும் காட்டும்.

மாடவீதி
ஆமாம் இருக்கிறது! எப்படித் தெரிந்தது?

47டி_ஜன்னலோரம்
அப்படியானால் அது எம்8, அல்லது எம்8.2. எம்9இல் அந்தத் திரை கிடையாது. ஷட்டர் டயலில் கடைசி நம்பர் 8000 என்றால் எம்8 (2006), 4000 என்றால் எம்8.2 (2008). அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

"சம்பந்தம் இல்லாத" வேட்டிதான் இங்கே எல்லாவற்றுக்கும் சம்பந்தம். ரேஞ்ச்ஃபைண்டரின் அகல லென்ஸ்கள் சென்சாருக்கு ரொம்பப் பக்கத்தில் உட்காரும், ஒளி ஓரங்களில் சாய்வாக விழும். அதற்காக எம்8 சென்சாரின் மேல் கண்ணாடியை 0.5 மி.மீ. தடிமனில் மெல்லிசாக வைத்தார்கள். அகச்சிவப்பு ஒளி அதில் சரியாக வடிகட்டப்படுவதில்லை. பாலியஸ்டர் மாதிரி செயற்கை நூலில் போட்ட கறுப்புச் சாயம் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், அது ஊதாவாகப் பதிவாகும். பருத்தியில் அவ்வளவாக வராது. உங்கள் சாமிகளில் யார் வேட்டி பாலியஸ்டர் கலந்தது என்று கேமராவே சொல்லிவிட்டது! குடை, பை, பேன்ட் எல்லாவற்றிலும் இதே கதைதான். செடிகொடியின் பச்சையும் கொஞ்சம் மஞ்சளாக விழும். கேமரா வந்த புதிதில் இதனால் பெரிய கூச்சல் கிளம்பி, வாங்கியவர்களுக்கு லைக்காவே இரண்டு யூவி/ஐஆர் ஃபில்டர் (புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது) இலவசமாகக் கொடுத்தது.

ஆகவே எந்த லென்ஸ் வாங்கினாலும் முன்னால் யூவி/ஐஆர் கட் ஃபில்டர் கட்டாயம். சாதாரண யூவி ஃபில்டர் உதவாது.

ராயப்பேட்டை_ரோல்
ஃபில்டர் எதற்கு, கறுப்பு வெள்ளையில் எடுங்கள். எம்8 ஐஆர் கசிவில் கறுப்பு வெள்ளை தனி அழகு. வேட்டி என்ன நிறமாக இருந்தால் என்ன?

47டி_ஜன்னலோரம்
பஜனையில் விளக்கும் பட்டுப்புடவையும் கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே. சரி, லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

எம்8 சென்சார் முழு ஃபிரேம் (ஃபில்ம் அளவு) கிடையாது, 27க்கு 18 மி.மீ. எல்லாவற்றையும் 1.33ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 50 நடைமுறையில் 66 மாதிரி, அதனால்தான் மூச்சு முட்டுகிறது. 28 போட்டால் 37. 21 போட்டால் 28. ஆகவே 21 லென்ஸுக்கு நீங்கள் வாங்க வேண்டியது 28 என்று எழுதிய வியூஃபைண்டர். 21 வியூஃபைண்டர் வாங்கினால் படத்தில் வராததெல்லாம் அதில் தெரியும். 15 லென்ஸ் வைத்திருப்பவருக்குத்தான் 21 வியூஃபைண்டர் (15ஐப் பெருக்கினால் 20).

28 லென்ஸுக்கு வெளி வியூஃபைண்டரே வேண்டாம். மாட்டியதும் உள் வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டுகிற 28, 90 இரண்டு கோடும் சேர்ந்து வரும், பெரியதைப் பாருங்கள். கண்ணாடி போட்டவருக்கு எம்8இல் 24 கோடுதான் தகராறு, ஓரம் தெரியாமல் கண்ணை உருட்ட வேண்டும். 28 கோடு தெரியும். முழு ஃபிரேம் எம்9இல் அதே 28 கோடு வெளி ஓரத்துக்குப் போய்விடும், கண்ணாடிக்காரர்கள் அங்கேதான் திண்டாடுவார்கள். இணையத்தில் "28 வேண்டாம்" என்று படித்திருந்தால் அது பெரும்பாலும் அவர்கள் எழுதியது.

இன்னொன்று, எம்8 கோடுகள் 0.7 மீட்டர் தூரத்துக்கு அளந்து வைத்தவை. தள்ளி நிற்பவரை எடுத்தால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் வந்துவிடும். எம்8.2இல் அதை 2 மீட்டருக்கு மாற்றினார்கள்.

சில்வர்ஜெலட்டின்
பாடம் நடத்தியது போதும். எம்8இல் தெருவுக்கு 21தான் சரி, 37 என்பது அகலமே இல்லை. எஃப்8 வைத்து 2.5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால் சுமார் 1.25 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. அப்புறம் உள் ஓட்டையில் கண் வைக்க வேண்டிய வேலையே இல்லை, மேலே பார்த்து அடித்துக்கொண்டே போகலாம். லென்ஸில் செதுக்கியிருக்கும் டெப்த் ஸ்கேல் (எங்கிருந்து எதுவரை தெளிவு என்று காட்டும் அளவு) ஃபில்முக்கானது, எம்8இல் ஒரு ஸ்டாப் குறைத்துப் படிக்க வேண்டும், அதாவது எஃப்8 வைத்தால் 5.6 கோட்டைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

47டி_ஜன்னலோரம்
மதியம் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் சொல்வது அத்தனையும் சரி சார், நானும் அப்படித்தான் எடுப்பேன். இவர் எடுக்கப்போவது மார்கழி பஜனை. விடியற்காலை ஐந்தரைக்குத் தெருவிளக்கும் கையில் ஒரு குத்துவிளக்கும்தான் வெளிச்சம். எம்8இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 640க்கு மேல் போனால் நிழல் பகுதி புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும். அந்த வெளிச்சத்தில் எஃப்8 எங்கே வைப்பது? 21 லென்ஸை முழுசாகத் திறந்தாலும் எஃப்4தான், ஷட்டர் 1/15 நொடி வருகிற இடத்தில் 28 எஃப்2 இருந்தால் 1/60 நொடி கிடைக்கும். நடந்துகொண்டே ஜால்ரா போடுகிறவரை 1/15இல் எடுத்தால் கையும் இருக்காது ஜால்ராவும் இருக்காது.

அகலம், அழகு, வியூஃபைண்டர் எல்லாம் அப்புறம். நேரம்தான் இவருக்கு லென்ஸைத் தீர்மானிக்கிறது. என் ஓட்டு 28 எஃப்2.

சில்வர்ஜெலட்டின்
ட்ரைபாட் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடையாறு_உப்புக்காற்று
மாட வீதி பஜனைக்கு நடுவில் ட்ரைபாடா? மாமிகள் அதில் கோலப்பொடி டப்பாவை மாட்டிவிட்டுப் போவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பழைய லென்ஸ் எது வாங்கினாலும் வாங்குவதற்கு முன் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. சென்னையில் பூஞ்சை இல்லாத பழைய லென்ஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். வாங்கிய பிறகு அரிசி டப்பாவில் போட்டு வையுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பிக்சல்_பெருங்குடி
அரிசியா?? அரிசித் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போகும் சார். வண்டு வேறு.

அடையாறு_உப்புக்காற்று
துணியில் சுற்றித்தான் வைக்கிறேன். வண்டு வராமல் வேப்பிலை போடுவேன்.

பிக்சல்_பெருங்குடி
வேப்பிலையில் ஈரம் இல்லையா?

ராயப்பேட்டை_ரோல்
என் நண்பர் நாப்தலீன் உருண்டை போடுவார்.

47டி_ஜன்னலோரம்
தயவுசெய்து யாரும் லென்ஸோடு நாப்தலீன் வைக்காதீர்கள், அந்த ஆவி கண்ணாடியில் படியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வறுத்துத் திரும்பப் போடலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட். காசு இருந்தால் டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிற அலமாரி).

அடையாறு_உப்புக்காற்று
கோபால்ட் நஞ்சை வீட்டில் வைத்திருப்பவர் என் அரிசியைக் குறை சொல்கிறார். நல்லது.

மாடவீதி
28 வாங்கிவிட்டேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. 46 சைஸ் ஐஆர் ஃபில்டர் ஆர்டர் போட்டாச்சு. எல்லோருக்கும் நன்றி. அரிசி இன்னும் முடிவு செய்யவில்லை.

47டி_ஜன்னலோரம்
மகிழ்ச்சி. ஃபில்டர் வந்ததும் இன்னொரு தலைவலி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஃபில்டர் சாய்வாக வருகிற ஒளியில் சிவப்பையும் கொஞ்சம் தின்றுவிடும், அகல லென்ஸில் நான்கு மூலையும் லேசாகப் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். லைக்காவின் 6 புள்ளிக் குறி (எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்வது) போட்ட லென்ஸாக இருந்தால் கேமராவே திருத்திவிடும். மெனுவில் லென்ஸ் டிடெக்ஷனில் யூவி/ஐஆர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் வாய்க்ட்லாண்டரில் அந்தக் குறி கிடையாது. எம்9 மாதிரி மெனுவில் லென்ஸ் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்கிற வசதியும் எம்8இல் இல்லை. இரண்டு வழி: லைக்கா 28க்கு உரிய புள்ளிகளைத் தேடி எடுத்து, லென்ஸின் பின் வளையத்தில் அழியாத கறுப்பு மார்க்கரால் வைப்பது. கழற்றி மாட்டும்போது தேயும், அவ்வப்போது திரும்ப வைக்க வேண்டும். இல்லையென்றால் கார்னர்ஃபிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ரா படத்தில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) மூலையைத் திருத்தும். 50க்கு இந்தத் தொல்லை இல்லை, ஃபில்டர் மட்டும் போதும்.

பஜனையில் தெருவிளக்கு நேரே விழுந்தால் அந்த ஃபில்டரால் படத்தில் விளக்கின் மங்கலான பிம்பம் ஒன்று ஆவி மாதிரி எதிர் மூலையில் தெரியலாம். ஒரு அடி நகர்ந்து எடுங்கள். பட்டும் விளக்கும் மட்டும் இருக்கிற ஃபிரேமில் ஃபில்டரைக் கழற்றிவிட்டும் எடுத்துப் பாருங்கள்.

டயலில் 8000ஆ 4000ஆ என்று இன்னும் சொல்லவில்லையே?

சில்வர்ஜெலட்டின்
வாங்கியாகிவிட்டது, இனி வரமாட்டார்.

அடையாறு_உப்புக்காற்று
47டி, அந்த ஈரப்பத மீட்டர் எங்கே வாங்கினீர்கள்? ரிச்சி தெருவில் கிடைக்குமா? சும்மா என் அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பார்க்கத்தான்.