மறு: 'ஸ்கேட்டரிங் லெங்த்': சிதறல் நீளமா?

அன்பு நண்பர்களுக்கு,

நம் சொல்லடைவுக்காக 'ஸ்கேட்டரிங் லெங்த்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். கடுங்குளிரில் இரண்டு அணுக்கள் சந்தித்தால் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கும் என்று சொல்லும் எண் அது.

> சிதறல் நீளம் என்றே போட்டுவிடலாமே. இதில் என்ன தயக்கம்?

தயக்கம் ஒரு கழித்தல் குறியில்தான், ஐயா. ருபீடியம்-87 அணுவுக்கு இந்த அளவு சுமார் 5.3 நானோமீட்டர். லித்தியம்-7க்கோ கழித்தல் 1.4. "மைனஸ் நீளத்துக்கு எந்த ஸ்கேலை வைத்து அளப்பது சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டுவிட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எண் நேர்க்குறியானால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், எதிர்க்குறியானால் இழுக்கும். வாயுவின் வெப்ப நடத்தையே இதைப் பொறுத்து மாறுகிறது. அணுக்களுக்குள் இடைவினையே இல்லையென்றால் கணக்கு சுலபம். கிண்ணம்போன்ற காந்தப்புலத்தில் அடைத்துவைத்த வாயுவை, மாறுநிலை வெப்பநிலையில் (ஒடுக்கம் தொடங்கும் வெப்பநிலை) பாதிக்குக் குளிர்வித்தால் எட்டில் ஏழு பங்கு அணுக்கள் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கத்துக்குள் (அணுக்கள் எல்லாம் ஒரே அலைபோல நடந்துகொள்ளும் நிலை) போய்விடும். ருபீடியத்தில் அவ்வளவு போகாது. தள்ளுவிசையால் நடுவில் நெரிசல் குறைகிறது, மாறுநிலை வெப்பநிலையும் கொஞ்சம் இறங்குகிறது. 2004இல் பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் இந்த இறக்கத்தை அளந்தே காட்டினார்கள். (சீராகப் பரவிய வாயுவில் இதே தள்ளுவிசை அந்த வெப்பநிலையை ஏற்றிவிடும் என்பது தனி வேடிக்கை.) அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து லித்தியம் ஒடுக்கமோ ஆயிரத்துச் சொச்சம் அணுக்களுக்கு மேல் தாங்கவில்லை. இழுவிசை மிஞ்சி, தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது.

இவ்வளவையும் ஆட்டிவைக்கும் எண்ணை 'நீளம்' என்றால் குறி தொலைந்துபோகிறது. அந்த எண் அணுவின் நீளமும் இல்லை. கடுங்குளிரில் அணு ஒரு நீண்ட அலை. இன்னொரு அணுவைச் சந்தித்த பிறகு, அந்த அலையின் தொடக்கப்புள்ளி சற்று முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்ததுபோலத் தெரியும். நகர்ந்த அளவுதான் இது. ஆகவே 'சிதறல் பெயர்வு' என்கிறேன். தொலைவு எதிர்க்குறியாகாது, இடப்பெயர்ச்சி ஆகலாம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்? காந்தப்புலத்தை மாற்றி இந்த எண்ணை நேரிலிருந்து சுழியம் தாண்டி எதிருக்குக் கொண்டுபோகும் சோதனைகளைச் சொல்லும்போதும் பெயர்வு இடறாது.

அணுக்களைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் 'ட்ராப்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். காந்தப்பொறி வேண்டாம், மோட்டார் என்று நினைப்பார்கள். காந்தக் கண்ணி எனக்குச் சம்மதம்.

> பெயர்வு சரி. ஆனால் பழைய நூல்களில் சிதறல் நீளம் என்று படித்தவர்கள் தேடினால்?

சொல்லடைவில் இரண்டையும் போடுவோம், அம்மா. நீளத்துக்கு எதிரே 'பெயர்வு காண்க' என்றிருக்கட்டும்.