டேக் இட்டதும் வளையம் நின்றது, ஆனால் சுற்றுவழி நிற்கவில்லை: இரண்டு எல்லை ரூட்டர்களில் ரீடிஸ்ட்ரிபியூஷன்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிசிஎன்பி என்டர்பிரைஸ் சான்றிதழுக்காக 300-410 தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி என்ற இரு ரூட்டிங் நெறிமுறைகளையும் தனித்தனியே படித்தபோது பெரிய தடுமாற்றம் இல்லை. இரண்டையும் ஒரே வலையமைப்பில் இணைத்தவுடன்தான் நான் எதிர்பார்ப்பது ஒன்றாகவும் ரூட்டிங் அட்டவணை காட்டுவது வேறாகவும் இருக்கின்றன.

என் பயிற்சி அமைப்பில் ஐந்து ரூட்டர்கள் உள்ளன. ஆர்1, ஆர்5 ஆகியவை இஐஜிஆர்பி பக்கம். ஆர்4 ஓஎஸ்பிஎஃப் பக்கம். ஆர்2, ஆர்3 இரண்டும் எல்லையில் நின்று இரு நெறிமுறைகளையும் பேசுகின்றன. ஆர்5 நடுவில் இருந்து ஆர்1, ஆர்2, ஆர்3 மூன்றுடனும் இணைகிறது. ஆர்4, ஆர்2 உடனும் ஆர்3 உடனும் இணைகிறது. ஆர்1 தன்னிடம் உள்ள 172.16.50.0/24 வலையை வெளி வழியாக (இஐஜிஆர்பிக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட வழியாக) இஐஜிஆர்பிக்குள் கொண்டுவருகிறது. அதற்கு நான் கொடுத்த மெட்ரிக் (வழியின் தரத்தைக் கணக்கிடும் எண்கள்) 10000 100 255 1 1500. எல்லை ரூட்டர்கள் இரண்டிலும் இரு திசைகளிலும் ரீடிஸ்ட்ரிபியூஷன் (ஒரு நெறிமுறையின் வழிகளை மற்றொன்றுக்குள் அறிவிப்பது) செய்து, இஐஜிஆர்பி பக்கம் 1000000 1 255 1 1500 என்று கொடுத்தேன்.

ஆர்4 இலிருந்து ட்ரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ரூட்டர்களின் பட்டியல்) எடுத்தபோது நான்கு முகவரிகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன; பாக்கெட் வளையமாகச் சுற்றியது. டேக் (வழியோடு செல்லும் அடையாள எண்) இட்டுத் தடுக்க வேண்டும் என்று படித்திருந்ததால், இரு எல்லை ரூட்டர்களிலும் இஐஜிஆர்பியிலிருந்து ஓஎஸ்பிஎஃப் செல்லும் வழிகளுக்கு ஒரு டேக் இட்டு, அதே டேக் உள்ளவை இஐஜிஆர்பிக்குத் திரும்பாதபடி ரூட் மேப் (வழிகளை வடிகட்டும் விதித்தொகுப்பு) எழுதினேன். வளையம் நின்றுவிட்டது. ஆனாலும் ஆர்3 இலிருந்து அந்த வலைக்குச் செல்லும் பாக்கெட் நேராக ஆர்5 க்குப் போகாமல், ஆர்4, ஆர்2 என்று சுற்றிக்கொண்டுதான் ஆர்5 ஐ அடைகிறது. டேக் சரியாக இருக்கும்போது இது ஏன் நடக்கிறது?

பதில் 1

ஆர்3 இல் அந்த வலைக்கான வழியை மட்டும் தனியே பாருங்கள். அடைப்புக்குள் இருக்கும் முதல் எண் 110 என்று இருக்கும். இஐஜிஆர்பியின் வெளி வழிக்கு அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் 170. இது ஒரு வழி எந்த அளவு நம்பத்தக்கது என்று காட்டும் எண்; சிறிய எண்ணே வெல்லும். ஆர்3 க்கு இரண்டு வழிகளும் தெரியும், 110 வென்றுவிட்டது. நீங்கள் எழுதிய ரூட் மேப் இந்தப் போட்டியில் தலையிடவே இல்லை.

பதில் 2

மேலே சொன்னது சரியான விடை. ஆயினும் வளையம் எப்படி உருவானது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான், இரண்டு வெவ்வேறு பிழைகளை நீங்கள் ஒன்றாக எண்ணிக்கொண்டது புலப்படும்.

ஆர்2 முதலில் அந்த வழியை ஓஎஸ்பிஎஃபுக்குள் அனுப்பியது என்று கொள்வோம். அது ஐந்தாம் வகை எல்எஸ்ஏவாக (வெளி வழிகளைச் சொல்லும் ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பாக) ஆர்4 வழியே ஆர்3 ஐ அடைகிறது. ஆர்3 ஏற்கெனவே ஆர்5 இடமிருந்து 170 என்ற மதிப்பில் பெற்றிருந்த வழியை விட்டுவிட்டு, 110 மதிப்புள்ள ஓஎஸ்பிஎஃப் வழியை அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. சுற்றுவழி இந்த இடத்திலேயே பிறந்துவிட்டது. இது முதல் பிழை. அட்டவணையில் இப்போது இருப்பது ஓஎஸ்பிஎஃப் வழி என்பதால், ஆர்3 அதை இஐஜிஆர்பிக்குத் திருப்பி அறிவிக்கத் தகுதி பெறுகிறது. நீங்கள் கொடுத்த தொடக்க மெட்ரிக் ஆர்1 கொடுத்ததைவிட மிகவும் கவர்ச்சியானது. எனவே ஆர்5, உண்மையான உரிமையாளரான ஆர்1 ஐ விட்டு ஆர்3 ஐ நம்புகிறது. ஆர்4 இலிருந்து ஆர்2, அங்கிருந்து ஆர்5, பிறகு ஆர்3, மறுபடி ஆர்4 என்று பாக்கெட் டிடிஎல் (தாண்டக்கூடிய ரூட்டர்களின் எண்ணிக்கை வரம்பு) தீரும் வரை சுற்றுவது இரண்டாவது பிழை. டேக் இந்த இரண்டாவது பிழையை மட்டுமே தடுக்கிறது.

மெய்நிகர் ரூட்டர்களை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். ஆர்3 முந்திக்கொண்டு அறிவித்துவிட்டால் ஆர்2 இல் சுற்றுவழி தோன்றும். ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்று இந்தப் பாடத்தில் பலர் குழம்புவதற்குக் காரணம் இந்த முந்துரிமைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வலையை ஆர்1 உள் வழியாக அறிவித்திருந்தால் அதன் மதிப்பு 90 ஆக இருந்திருக்கும். ஓஎஸ்பிஎஃப் அதை வென்றிருக்க முடியாது. உள் வழிகளை மட்டும் வைத்துப் பயிற்சி செய்பவர்களின் கண்ணில் இந்தச் சிக்கல் படுவதே இல்லை.

இரு எல்லை ரூட்டர்களிலும் ஓஎஸ்பிஎஃப் வெளி வழிகளின் டிஸ்டன்ஸை 180 ஆக உயர்த்திவிட்டால் உங்கள் சுற்றுவழி மறையும்.

பதில் 3

180 என்ற தீர்வைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஓஎஸ்பிஎஃப் பக்கத்திலும் சொந்தமான வெளி வழிகள் இருந்தால் அது சிக்கலை மறுபக்கம் தள்ளிவிடும். ஆர்4 ஒரு ஸ்டாட்டிக் வழியை (கையால் எழுதிய வழியை) ஓஎஸ்பிஎஃபுக்குள் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்2 அதை இஐஜிஆர்பிக்கு அனுப்ப, அது ஆர்5 வழியாக 170 மதிப்பில் ஆர்3 ஐ வந்தடையும். பக்கத்திலேயே இருக்கும் ஆர்4 இன் 180 தோற்றுப்போய், ஆர்3 இப்போது எதிர்த்திசையில் சுற்றும்.

ரூட் மேப்புடன் கூடிய டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் (அட்டவணையில் ஏறும் வழிகளை வடிகட்டும் கட்டளை) மூலம், டேக் உள்ள ஓஎஸ்பிஎஃப் வழிகளை ஆர்3 இன் அட்டவணைக்குள்ளேயே விடாமல் தடுப்பது இரண்டாவது முறை. டேக் எல்எஸ்ஏவுக்குள்ளேயே பயணம் செய்வதால் அதைப் பொருத்திப் பார்ப்பது எளிது. ஆனால் இங்கே தடுக்கப்படுவது அந்த ரூட்டரின் அட்டவணை மட்டுமே. எல்எஸ்ஏ வழக்கம்போல அண்டை ரூட்டர்களுக்குப் பரவும். ஆர்3 க்குப் பின்னால் மட்டும் இணைந்த இன்னொரு ஓஎஸ்பிஎஃப் ரூட்டர் இருக்கிறது என்றும், ஆர்3 க்கும் ஆர்5 க்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிட்டது என்றும் எண்ணிப் பாருங்கள். பின்னாலிருக்கும் ரூட்டர், ஆர்2 வரை வழி இருக்கிறது என்று கணக்கிட்டு ஆர்3 இடம் பாக்கெட்டை ஒப்படைக்கும். ஆர்3 இடமோ வழி இருக்காது, பாக்கெட் அங்கேயே கைவிடப்படும்.

ஆகவே நான் விரும்புவது மூன்றாவது முறை: ஆர்2 இன் ரூட்டர் ஐடியையும் (ஓஎஸ்பிஎஃபில் அந்த ரூட்டரின் அடையாள எண்), 172.16.50.0 வலையை மட்டும் அனுமதிக்கும் ஓர் அக்சஸ் லிஸ்டையும் (அனுமதிப் பட்டியல்) குறிப்பிட்டு, அந்த ஒரு வழிக்கு மட்டும் ஆர்3 இல் டிஸ்டன்ஸை 180 ஆக்குவது. ஆர்2 இலும் இதையே ஆர்3 இன் ஐடியை வைத்துச் செய்ய வேண்டும். வலைகள் பெருகினால் பட்டியலைப் பராமரிப்பது சலிப்பூட்டும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணைப்பு அறுந்தால் மாற்று வழி கைவசம் இருக்கும். தேர்வைப் பொறுத்தவரை, கேள்வியில் என்ன கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகே இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்று முறைகளையும் செய்து பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் இட்டு ஆர்3 – ஆர்5 இணைப்பை அணைத்தபோது ஆர்3 இல் அந்த வலைக்கு வழியே இல்லாமல் போனது. அக்சஸ் லிஸ்டுடன் டிஸ்டன்ஸை மாற்றிய முறையில், இணைப்பை அணைத்ததும் 180 என்ற எண்ணுடன் ஓஎஸ்பிஎஃப் வழி அட்டவணையில் ஏறியது. மீண்டும் இயக்கியதும் 170 திரும்பி வந்தது. ஒரு சந்தேகம் எஞ்சுகிறது: டிஸ்டன்ஸைச் சரிசெய்த பிறகு டேக் தேவைதானா?

பதில் 2 எழுதியவர்

தேவை. நீங்கள் இப்போது செய்த சோதனையிலேயே அதற்கான விடை இருக்கிறது. இணைப்பு ஒன்று அறுந்து ஓஎஸ்பிஎஃப் வழி அட்டவணையில் ஏறும் ஒவ்வொரு முறையும், அதை இஐஜிஆர்பிக்குள் அறிவிக்கும் தகுதியும் ஆர்3 க்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆர்3 க்கு இஐஜிஆர்பி பக்கம் வேறோர் அண்டை ரூட்டர் இருந்தால், அந்தக் கவர்ச்சியான மெட்ரிக் அதன் வழியாக மறுபடி உள்ளே நுழையும். ஆர்6 என்று ஒன்றைச் சேர்த்து, அதை ஆர்3 உடனும் ஆர்5 உடனும் இணைத்து, ஆர்5 – ஆர்6 இணைப்பின் டிலே (தாமத) மதிப்பை மிக அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். டேக்கை நீக்கி, ஆர்3 – ஆர்5 இணைப்பை அணைப்பதற்கு முன், ஆர்3, ஆர்5, ஆர்6 மூன்றின் அட்டவணையிலும் எந்த வழி எந்த எண்ணுடன் நிற்கும் என்று தாளில் எழுதிவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள்.