கராஜில் கிடைத்த சிக்கானோ போஸ்டர்கள்: எப்படிப் பாதுகாப்பது, யாரிடம் கொடுப்பது?

மாடிவீடு:
வணக்கம். கலிஃபோர்னியா மாநிலம் சாக்ரமெண்டோவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வாரம் கராஜைக் காலி செய்ய உதவப் போனேன். ஒரு அட்டைக் குழாயில் சுருட்டி வைத்த முப்பது நாற்பது சில்க்ஸ்கிரீன் (துணித் திரை வழியே மை தள்ளி அச்சிடுவது) போஸ்டர்கள் கிடைத்தன. சிக்கானோக்கள், அதாவது மெக்சிக்க வம்சாவளி அமெரிக்கர்கள், அச்சிட்டவை. 1970களில் அவர் கணவர் சேர்த்தவை. தோட்டத் தொழிலாளர் கூட்டம், நடன நிகழ்ச்சி, இறந்தோர் நாள் விழா என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஒட்டியவை. சிலவற்றின் ஓரத்தில் ஆர்.சி.ஏ.எஃப். என்று இருக்கிறது. கூடவே சுவரோவியங்களைப் படம் பிடித்த ஸ்லைடுகள் இரண்டு பெட்டி.

எல்லாவற்றையும் லேமினேட் செய்து இணையத்தில் போட்டுவிடலாம் என்கிறார் மகன். அம்மாவோ, "நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போனால் போதும்" என்கிறார். என்ன செய்யலாம்?

தாழ்வாரம்:
லேமினேட் வேண்டவே வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, மையும் சேர்ந்து வந்துவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப்பும் வேண்டாம். குழாயைக் கராஜிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள், அந்தச் சூடுதான் முதல் எதிரி. ஒவ்வொன்றாக மெதுவாக விரித்து, இடையில் அமிலம் இல்லாத தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். விரிக்கும்போது காகிதம் நொறுங்குவதுபோல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஸ்லைடுகளின் சட்டத்தில் கோடாக்குரோமா எக்டாக்குரோமா என்று அச்சிட்டிருக்கும், இரண்டும் கோடாக் நிறுவனத்தின் ஃபிலிம் வகைகள். கோடாக்குரோம் இருட்டில் நன்றாகத் தாங்கும். அந்தக் காலத்து எக்டாக்குரோம் பெட்டிக்குள் இருந்தபடியே நிறம் போகும், நீல வானம் ரோஜா நிறமாகிவிடும். அதனால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். எதையும் ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் அடுத்த மாதம்கூடச் செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படிக்கும்போது இரண்டு வருடம் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் வேலை பார்த்தேன். ஒருமுறை அருமையான போஸ்டர்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன. யார் அச்சிட்டது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு வரி கிடையாது. சேர்த்து வைத்தவர் இறந்திருந்தார். "ஓவியர்: தெரியவில்லை" என்று அறுபது தடவைக்கு மேல் தட்டச்சு செய்தேன். பெயர் இல்லாத போஸ்டரைத் தேடி யார் வருவார்கள்? இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அந்தம்மா பக்கத்தில் உட்காருங்கள், போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஒவ்வொரு போஸ்டராகக் காட்டிக் கேளுங்கள். எண் போடுவதென்றால் பின்பக்கம் பென்சிலால் மட்டும், மெல்லிசாக.

ஆர்.சி.ஏ.எஃப். உங்கள் ஊர்க் குழுதான். ஹோசே மொண்டோயா, எஸ்டெபன் வில்லா முதலானோர் ரெபெல் சிக்கானோ ஆர்ட் ஃப்ரண்ட் என்று தொடங்கினார்கள். கனடா விமானப்படைக்கும் அதே முதலெழுத்துகள் என்று ஊரே கேட்க, ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ் என்றே வைத்துக்கொண்டு விமானி உடையில் வலம் வந்தார்கள். அவர்களுடைய ஆவணங்கள் சாண்டா பார்பரா கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள அச்சுக்கலைக் கூடமான செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸின் ஆவணங்களும் அங்கேதான். இப்படிப்பட்ட நூலகத் தொகுப்புகளிலிருந்து ஸ்கேன் செய்த படங்களைக் காலிஸ்ஃபியர் என்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் பட்டியலை மட்டும் அனுப்பிக் கேளுங்கள், பெட்டியை அனுப்பிவிடாதீர்கள்.

கிழக்குவாசல்:
ரிவர்சைடில் 2022இல் திறந்த சீச் மையமும் இருக்கிறதே? சிக்கானோ கலைக்கென்றே உள்ள அருங்காட்சியகம், நடிகர் சீச் மாரின் சேர்த்த ஓவியங்களால் உருவானது. அங்கே கொடுத்தால் சுவரில் மாட்டுவார்களே.

தாழ்வாரம்:
நல்ல இடம்தான், கேட்டுப் பாருங்கள். ஆனால் அருங்காட்சியகம் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆவணக் காப்பகம் என்றால் போஸ்டர், ஸ்லைடு, ஒலிப்பதிவு மூன்றும் ஒரே தொகுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வக்கீல்பேத்தி:
இணையத்தில் போடும் விஷயம். காகிதம் அம்மாவுடையது, படத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கோ அவர் வாரிசுக்கோ சேரும். அமெரிக்காவில் 1978க்கு முன் பதிப்புரிமைக் குறி (© போன்றது) இல்லாமல் வெளியான பல படைப்புகளுக்கு அந்த உரிமையே இல்லாமல் போனது. அதனால் போஸ்டரின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். குறி இல்லாவிட்டாலும் ஓவியர் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டுப் போடுவதுதான் மரியாதை. காப்பகத்துக்குத் தரும்போது நன்கொடைப் பத்திரத்தில் இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

கிழக்குவாசல்:
ஸ்லைடுகளை லேசாக நினைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976இல் தொடங்கி, நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களோடு வரைந்த கிரேட் வால் என்ற சுவரோவியம் 2,754 அடி நீளம். அவ்வளவு பேர்பெற்ற சுவரையே வெயில் வெளுக்க வைத்து, 2011இல் புதுப்பித்தார்கள். பேர் தெரியாத சுவர்களுக்கு வெள்ளையடித்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? அந்தச் சுவருக்கு உங்கள் பெட்டியில் இருக்கும் ஸ்லைடுதான் மிச்சமாக இருக்கும்.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். முதல் போஸ்டரில் மஞ்சள் மேல் சிவப்பு, தடவினால் விரலில் மேடு தட்டுகிறது. நான்கு மூலையிலும் ஓட்டை, ஒன்றைச் சுற்றித் துருக் கறை. அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். அம்மா அந்தக் கறைமேல் விரலை வைத்து, "இது நான் குத்திய ஊசி, சர்ச் வாசல் பலகையில். மழை வந்துவிட்டது, கழற்றிக்கொண்டு ஓடினோம்" என்றார். அப்புறம் அன்றைக்கு அச்சடித்த மூன்று பேரின் பெயரையும் சொன்னார். போஸ்டரில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் ஏழு போஸ்டர்தான் முடிந்தது. மகன் லேமினேட் பேச்சை விட்டுவிட்டார், அடுத்த ஞாயிறு அவரும் வருகிறார். ஸ்லைடில் ஒரு பெட்டி முழுக்க எக்டாக்குரோம். வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.