புதுப்பிப்பு: கர்டரில் எஸ்.சி.சி. ஊற்றிய பிறகு

ப்ரீஸ்ட்ரெஸ்டு ஐ-கர்டரின் (எஃகு வடங்களை இழுத்து முன்தகைவு கொடுத்த, ‘I’ வடிவ கான்கிரீட் உத்தரம்) அடி ஃபிளாஞ்சில், அதாவது அகலமான அடிப்பகுதியில், ஸ்ட்ராண்டும் (இழுத்த எஃகு வடம்) கம்பியும் நெருக்கமாக இருப்பதால் வைப்ரேட்டர் ஊசி இறங்காமல் தேன்கூடு போல ஓட்டை விழுகிறது, தானே பரவி நிரம்பும் கான்கிரீட்டான எஸ்.சி.சி.க்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாறிவிட்டோம். அடி ஃபிளாஞ்ச் முழுசாக நிரம்புகிறது, பூசி ஒப்பேற்றும் வேலையே இல்லை. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஸ்லம்ப் ஃப்ளோ (கூம்பைத் தூக்கியதும் கலவை பரவும் விட்டம்) 650 மி.மீ. வந்துவிட்டது என்று அதோடு நிறுத்தாதீர்கள். ஜே-ரிங் (சுற்றிலும் கம்பிகள் நிற்கும் வளையம்) வைத்தும் அதே பரவலை அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 50 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஜல்லி கம்பிகளுக்கு இடையில் சிக்குகிறது என்று அர்த்தம். மணலின் ஈரம் சற்றுக் கூடினாலே கலவை பிரியத் தொடங்கும். மழைநாளில் ஈரம் அளக்காமல் கலக்கவே கூடாது.

அப்புறம், எஸ்.சி.சி.யில் கேம்பர் (கர்டர் நடுவில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் அளவு) மாறுமா என்று கேட்ட நண்பருக்கு: எஸ்.சி.சி.யில் ஜல்லி குறைந்து பேஸ்ட் (சிமெண்ட் கூழ்) கூடுவதால் மீள்தன்மைக் குணகம் (விறைப்பின் அளவு) குறையும், க்ரீப்பும் (தொடர் சுமையில் மெல்ல உருமாறுவது) சுருக்கமும் கூடும், முன்தகைவு இழப்பும் (ஸ்ட்ராண்டின் இழுவிசை குறைவது) ஏறும்; கேம்பரும் அதற்கேற்ப மாறும். அமெரிக்காவின் நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டமான என்.சி.எச்.ஆர்.பி.யின் 628 அறிக்கை (2009) ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டில் எஸ்.சி.சி. பயன்படுத்துவதற்காகவே எழுதப்பட்டது, அவசியம் படியுங்கள். பழைய கலவையின் மதிப்பைப் போட்டுக் கணக்கிடாமல், உங்கள் கலவையில் சிலிண்டர் (உருளை வடிவ மாதிரி) வார்த்துச் சோதித்து எடுங்கள்.

ஷட்டர் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) இணைப்புகளையும் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் சிமெண்ட் பால் ஒழுகிவிடும்.