5ஆம் செக்‌ஷன் உள்பக்க பாட்டில் மட்டும் ஒரு பக்கம் மெலிசா வருது. எங்கே பார்க்கணும்?

நைட்ஷிஃப்ட்_குமரன் | இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ முடிச்சு பாட்டில் ஃபேக்டரியில சேர்ந்து ஏழு மாசம் ஆகுது. ஐ.எஸ். மெஷின்ல (உருகின கண்ணாடியைப் பாட்டிலா ஊதுற மெஷின்) உதவி ஆபரேட்டர். 8 செக்‌ஷன், டபுள் கோப் (ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நேரத்துல ரெண்டு உருகின கண்ணாடி உருண்டை விழும், உள்பக்கம் ஒரு கேவிட்டி, வெளிப்பக்கம் ஒரு கேவிட்டி), ப்ளோ அண்ட் ப்ளோ (ரெண்டு கட்டமா காத்து ஊதிச் செய்யுற முறை). இப்போ ஓடுறது 300 மி.லி. சோடா பாட்டில், வெள்ளைக் கண்ணாடி. நிமிஷத்துக்கு 120 பாட்டில்.

ரெண்டு நாள் முன்னாடி ஜாப் (ஓடுற பாட்டில் ரகம்) மாத்தினோம். அதுல இருந்து 5ஆம் செக்‌ஷன் உள்பக்க கேவிட்டி பாட்டில் ஒரு பக்கம் ரொம்ப மெலிசா வருது. நேத்து ராத்திரி லேப்ல அளந்தாங்க. தடிச்ச பக்கம் 3.4 மி.மீ., எதிர்ப்பக்கம் 0.9. எங்க ஸ்பெக் குறைந்தது 1.8. பிரஷர் டெஸ்ட்ல எட்டுல மூணு உடைஞ்சுது.

இதுவரைக்கும் செஞ்சது: பிளாங்க் (முதல் உருவம் தர்ற அச்சு) மாத்தினேன், பேஃபிள் (பிளாங்க் மேலே மூடுற மூடி) மாத்தினேன், ப்ளோ மோல்ட் (கடைசி உருவம் தர்ற அச்சு) மாத்தினேன். செட்டில் ப்ளோ (கோப்பைப் பிளாங்க்ல கீழே அழுத்துற முதல் காத்து) நேரத்தை 12 டிகிரி கூட்டினேன் (மெஷினோட ஒரு சுத்து 360 டிகிரி). பிளாங்க் கூலிங் காத்தைக் கொஞ்சம் குறைச்சேன். ஒண்ணும் சரியாகலை. இப்போ தோள்பட்டைக்குக் கீழே ஒரு அலை மாதிரி வளையமும் புதுசா வந்திருக்கு. ஷிஃப்ட் இன்சார்ஜ் லீவு. இந்த சோடா பாட்டில் எங்க ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் போறது, சின்னப் பிள்ளைங்க கையில பிடிச்சுக் குடிக்கிறது. சரியாப் பண்ணணும்னு ஆசைப்படுறேன். வழி சொல்லுங்க.

கண்ணாடிக்காரன்78 | இரவு 11.52

கோப் வெயிட் ஒரு 5 கிராம் ஏத்திப் பாருங்க. கண்ணாடி கூடினா மெலிசு தானா போயிடும்.

பழைய_ஃபீடர்காரர் | இரவு 12.10

வேண்டாம் தம்பி, வெயிட்டைத் தொடாதே. அது ஃபீடர் டியூப் (கோப்புக்கு வர்ற கண்ணாடி அளவைக் கட்டுப்படுத்துற குழாய்) உயரத்துல இருந்து வர்ற விஷயம். ஏத்தினா 16 கேவிட்டியும் ஏறும். ஒரே ஒரு கேவிட்டிக்காக நல்லா ஓடுற பதினஞ்சைக் கெடுக்கலாமா? கண்ணாடியோட அடர்த்தி 2.5, அதனால 5 கிராம் கூடினா பாட்டில் உள்ளே 2 மி.லி. இடம் குறையும். நிரப்புற கம்பெனிக்காரன் லாரியோட திருப்பி அனுப்புவான். ஒரு பக்கம் 3.4 இருக்குன்னா கண்ணாடி பத்தலைன்னு அர்த்தம் இல்லை, போக வேண்டிய இடத்துக்குப் போகலைன்னு அர்த்தம்.

மூணு கேள்வி கேக்குறேன், பதில் சொல்லு.

ஒண்ணு, மத்த செக்‌ஷன்ல உள்பக்க பாட்டில் எப்படி இருக்கு? ரெண்டு, 5ஆம் செக்‌ஷன் வெளிப்பக்க பாட்டில் நல்லா இருக்கா? மூணு, பாட்டில் அடியில மோல்ட் நம்பர் இருக்கும். அந்த நம்பரை உன் பக்கம் வச்சுப் பிடிச்சா, மெலிசு எப்பவும் ஒரே பக்கம் வருதா, இல்ல இடம் மாறி மாறி வருதா?

நைட்ஷிஃப்ட்_குமரன் | இரவு 12.35

பத்து பாட்டில் எடுத்து வரிசையா அடுக்கிப் பார்த்துட்டு வர்றேன் அண்ணே. மத்த ஏழு செக்‌ஷன்லயும் உள்பக்கம் நல்லா இருக்கு. 5ஆம் செக்‌ஷன் வெளிப்பக்கமும் நல்லா இருக்கு. மெலிசு பத்துலயும் ஒரே பக்கம், நம்பருக்கு வலது பக்கம். ஒண்ணு கூட மாறலை.

பழைய_ஃபீடர்காரர் | இரவு 12.58

பாதி வேலை முடிஞ்சுது.

இருபத்தாறு வருஷமா நான் குறையைப் பார்க்குறது இப்படித்தான். எல்லா செக்‌ஷன்லயும் உள்பக்கம் மட்டும் கெட்டா, குறை மேலே இருக்கு. ஃபோர்ஹார்த்ல (உலையில இருந்து கண்ணாடி வர்ற வாய்க்கால்) ஒரு பக்கம் சூடு கூடக் குறைய இருக்கும், இல்லைன்னா சியர் (கோப்பை வெட்டுற கத்திரி) ஒரு கோப்பைக் கோணலா வெட்டும். ஒரு செக்‌ஷன்ல ரெண்டு கேவிட்டியும் கெட்டா, அந்த செக்‌ஷனோட டைமிங், காத்து, ஸ்கூப் (கோப்பை வாங்கித் தள்ளிவிடுற கரண்டி) அதுக்கு நேரா நிக்குதான்னு பார்க்கணும். ஒரே செக்‌ஷன்ல ஒரே கேவிட்டி கெட்டா, அந்தக் கேவிட்டிக்குன்னு தனியா இருக்கிற சாமானைப் பார்க்கணும். உன்னுது மூணாவது ரகம். மெலிசு ஒரே திசையில நிக்குதுன்னா பெரும்பாலும் சூடு காரணம் இல்லை, ஏதோ இரும்பு நகர்ந்திருக்கும்.

பிளாங்க், பேஃபிள், மோல்ட் மாத்திட்டே. மிச்சம் என்ன? கோப் பிளாங்குக்கு வர்ற வழி: டிரஃப் (சரிவு), டிஃப்ளெக்டர் (கீழே திருப்புற வளைவு), ஃபனல் (பிளாங்க் வாய்ப் புனல்). கோப் பிளாங்க்ல இறங்குறதை நீ கண்ணால பார்த்தியா?

நைட்ஷிஃப்ட்_குமரன் | இரவு 1.05

பார்க்கலை அண்ணே. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள உள்ளே போயிடுது. கோப் ஒரு பக்கம் உரசிப் போனா அப்புறம் செட்டில் ப்ளோ அழுத்தி சமப்படுத்திடாதா? அந்த நினைப்புலதான் 12 டிகிரி கூட்டினேன்.

தரப்பிரிவு_மீனா | இரவு 1.30

குமரன், இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். லேப்ல இருந்து பார்க்கும்போது இது நல்லாத் தெரியும்.

கோப் இறங்கும்போது சுமார் 1100 டிகிரிக்கு மேல இருக்கு. பிளாங்க் உள்முகம் 450, 500 டிகிரி இரும்பு. கோப் நடுவுல நேரா விழுந்தா சுத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்துல இரும்பைத் தொடும். சாய்ஞ்சு விழுந்தா ஒரு பக்கம் முதல்ல தொட்டு, உரசிக்கிட்டே கீழே போகும். அந்தப் பக்கத்துத் தோல் உடனே குளிர்ந்து இறுகிடும். சோடா-லைம் கண்ணாடி 1100ல இருந்து 1000 டிகிரிக்கு இறங்கினாலே இளக்கம் நாலு மடங்குக்கு மேல குறையும். வெல்லப்பாகு எடுத்துக்கோங்க. சட்டியில இருக்கும்போது ஓடும், தட்டுல பட்ட ஓரம் மட்டும் இறுகி நிக்கும்.

இப்போ கவுண்டர் ப்ளோ காத்து (பிளாங்க்ல கோப்பை உள்ளிருந்து ஊதி விரிக்கிறது) உள்ளே போகுது. காத்து பக்கம் பார்த்துத் தள்ளாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் அழுத்தும். இறுகின பக்கம் விரிய மாட்டேங்குது, இளகின எதிர்ப்பக்கம் விரிஞ்சுகிட்டே போகுது. பிளாங்க் திறந்ததும் உள்சூடு வெளியே வந்து தோல் கொஞ்சம் இளகும், அதுதான் ரீஹீட். ஆனா அதிகமா குளிர்ந்த பக்கம் அந்த நேரத்துக்குள்ள முழுசா மீளாது. கடைசி ப்ளோவுல அதே கதை இன்னொரு தடவை நடக்கும். அதனாலதான் 3.4க்கும் 0.9க்கும் அவ்வளவு வித்தியாசம். கோப் தொட்ட பக்கம் தடிச்சது. நீங்க தேட வேண்டியது தடிச்ச பக்கத்தை, மெலிசான பக்கத்தை இல்லை.

அந்த அலையும் எனக்குப் புரியுது. செட்டில் ப்ளோ, கண்ணாடியைக் கீழே நெக் ரிங் (பாட்டில் வாயை உருவாக்குற வளையம்; பிளாங்க்ல பாட்டில் தலைகீழா இருக்கும்) பக்கம் அழுத்துற காத்து. அப்போ கண்ணாடி பிளாங்கோட கீழ்ப்பகுதியில மட்டும் உட்கார்ந்திருக்கும், மேலே பேஃபிள் பக்கம் வெறும் இடம். அந்த இடம் கவுண்டர் ப்ளோ வந்தாத்தான் நிறையும். செட்டில் நேரம் நீண்டா கீழ்ப்பகுதி கூடுதலா குளிரும். குளிர்ந்ததும் குளிராததும் சேர்ற இடத்துல வளையமா ஒரு கோடு விழும். நிமிஷத்துக்கு 120, கேவிட்டி 16, அப்போ ஒரு சுத்து 8 விநாடி. 12 டிகிரின்னா கால் விநாடிக்கு மேல. கோப் விழுந்து பாரிசன் (பிளாங்க்ல உருவாகுற அரைகுறை பாட்டில்) ஆகுற நேரத்தோட ஒப்பிட்டா கால் விநாடி ரொம்பப் பெருசு. அதை முதல்ல பழையபடி வச்சிடுங்க.

பழைய_ஃபீடர்காரர் | இரவு 1.44

அம்மா சொன்னது அத்தனையும் சரி. தம்பி, ஒண்ணே ஒண்ணு. அஞ்சு மாத்தத்தை ஒண்ணா செஞ்சா எது என்ன செஞ்சதுன்னு தெரியாது. ஒரு மாத்தம் செய், நோட்டுல எழுது, மோல்ட் சூடு நிலைக்க இருபது நிமிஷம் விடு, அப்புறம் பாட்டில் எடு.

கோப்பைப் பார்க்க: போன் உள்ளே கொண்டு போக அனுமதி வாங்கி, ஸ்லோ மோஷன்ல வீடியோ எடு. பாதுகாப்புத் தடுப்புக்கு வெளியே நின்னு எடு. கையை நீட்டாதே, தலையைக் குனிஞ்சு எட்டிப் பார்க்காதே. அந்த இன்வெர்ட் கை (பாரிசனைப் பிளாங்க்ல இருந்து ப்ளோ மோல்டுக்குத் திருப்புறது) திரும்புற வேகம் உனக்கே தெரியும். அதே செக்‌ஷன் வெளிப்பக்கத்தையும் சேர்த்து எடு, பக்கத்துல வச்சுப் பார்க்க வசதியா இருக்கும். பிறகு செக்‌ஷனை நிறுத்தி, லாக் போட்டு, ஃபனல் உள்ளே டார்ச் அடிச்சுப் பாரு.

கண்ணாடிக்காரன்78 | இரவு 1.50

நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். எங்க பிளாண்ட்ல எல்லாக் கேவிட்டியும் மெலிசா வந்தப்போ வெயிட் ஏத்திச் சரி பண்ணோம், அதை வச்சுச் சொல்லிட்டேன். குமரன், ஸ்வாப் (அச்சுல பூசுற மசகு) அடிச்ச உடனே வர்ற பாட்டிலை அளக்காதீங்க. முதல் சிலதைத் தள்ளிட்டு அளங்க, இல்லைன்னா கணக்கு ஏமாத்தும்.

நைட்ஷிஃப்ட்_குமரன் | அதிகாலை 3.20

கிடைச்சுது!

வீடியோவுல வெளிப்பக்க கோப் கயிறு தொங்குற மாதிரி நேரா இறங்குது. உள்பக்க கோப் ஃபனல்ல நுழையும்போதே ஒரு பக்க உதட்டுல முட்டி, வாலு வளைஞ்சு உள்ளே போகுது. செக்‌ஷனை நிறுத்தி லாக் போட்டு டார்ச் அடிச்சேன். ஃபனல் உள்ளே சுத்திலும் கறுப்பா ஸ்வாப் பூச்சு இருக்கு. ஒரு இடத்துல மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளபளன்னு வெறும் இரும்பு தெரியுது. அந்த இடம் பாட்டிலோட தடிச்ச பக்கத்துக்கு நேரா இருக்கு.

டிஃப்ளெக்டரைப் பிடிச்சு லேசா ஆட்டினேன், அசைஞ்சுது. பிராக்கெட் போல்ட் லூஸ். ஜாப் மாத்தும்போது அந்தப் பிளாங்கைத் தூக்கி மாட்டினது நான்தான். டிஃப்ளெக்டர்ல ஒரு தடவை இடிச்சது ஞாபகம் இருக்கு, அப்போ பெருசா எடுத்துக்கலை. இன்சார்ஜ் வந்ததும் சொல்லிடுவேன்.

ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டு சென்ட்டரிங் கேஜ் வச்சு நேராக்கி போல்ட் முறுக்கினோம். ஃபனலை மாத்தி டிரஃப்பையும் துடைச்சோம். நோட்டுல எழுதிட்டேன். செட்டில் ப்ளோ இன்னும் மாத்தலை, இருபது நிமிஷம் விட்டிருக்கேன்.

பழைய_ஃபீடர்காரர் | அதிகாலை 3.31

சபாஷ் தம்பி. இடிச்சதை மறைக்காம சொல்லணும்னு நினைக்கிறே பாரு, அதுக்குத் தனியா ஒரு சபாஷ். இனிமே பிளாங்க் மாட்டி முடிச்சதும் டிஃப்ளெக்டரைக் கையால ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டு செக்‌ஷனை ஓட்டு.

நைட்ஷிஃப்ட்_குமரன் | காலை 5.45

பாட்டிலை மெதுவா ஆற வைக்கிற நீள அடுப்பை (லேயர்) கடந்து வர ஒரு மணி நேரம் ஆகுறதால பொறுமையா இருந்து அளந்தேன். பாட்டில் உள்ளே சின்ன இரும்புக் குண்டைப் போட்டு, வெளியே காந்த முனையை வச்சுச் சுத்தினா, முனை போற இடமெல்லாம் குண்டும் கூடவே ஊருது. திரையில நம்பர் மாறுது. முன்னாடி 0.9 காட்டின அதே பக்கம் 2.1. எதிர்ப்பக்கம் 2.7.

அலை மட்டும் அப்படியே இருந்துச்சு. அப்புறம் செட்டில் ப்ளோவை 12 டிகிரி குறைச்சுப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தேன். அடுத்து வந்த பாட்டில்ல அலையைக் காணோம். அது முழுக்க நான் உண்டாக்கின குறை. பிளாங்க் கூலிங் காத்தையும் பழைய அளவுக்கு வச்சாச்சு. பிரஷர் டெஸ்ட்டுக்கு எட்டு பாட்டில் கொடுத்தேன், எட்டும் தாங்கிருச்சு.

தரப்பிரிவு_மீனா | காலை 6.05

ரொம்ப சந்தோஷம் குமரன். ஆனா ஒண்ணு கேக்கணும். குறை ரெண்டு நாளா இருக்குன்னு சொன்னீங்க. அளந்தது நேத்து ராத்திரிதான். அதுக்கு முன்னாடி பேக் ஆன பாட்டில் எங்கே? உள்ளே கேஸ் அழுத்தம் அதேதான், சுவர் பாதியானா அதுல வர்ற இழுவிசை ரெட்டிப்பாகும். 0.9 மி.மீ. சுவர் வெயில்ல நிக்கிற சோடா கிரேட்டைத் தாங்காது.

நைட்ஷிஃப்ட்_குமரன் | காலை 6.40

அக்கா, கேட்டது நல்லதாப் போச்சு. இன்சார்ஜுக்கு போன் பண்ணி, டிஃப்ளெக்டர்ல இடிச்சதையும் சேர்த்துச் சொல்லிட்டேன். ஜாப் மாத்தினதுல இருந்து பேக் ஆன அத்தனை பேலட்லயும் சிவப்பு அட்டை ஒட்டி நிறுத்தச் சொன்னார். குடோன்ல கேட்டேன், இன்னும் ஒண்ணு கூட லாரி ஏறலை. அந்தக் கேவிட்டியில ஓடின மோல்ட் நம்பர், நான் மாத்தினதுக்கு முன்னாடியும் பின்னாடியும், தெரியும்கிறதால அந்த நம்பர் பாட்டில்களை மட்டும் பிரிச்சு எடுத்தாப் போதும். பகல் ஷிஃப்ட்ல நாலு பேர் உட்கார்ந்து பிரிக்கப் போறாங்க. ஷிஃப்ட் முடிஞ்சாலும் நானும் அவங்களோட இருந்து பிரிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பிரிச்சதெல்லாம் கல்லெட் தொட்டிக்குத் திரும்ப உருக்கப் போகுது.