பில் ஸ்னைடரை ஏன் மேதை என்கிறார்கள்?

கேள்வி: கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஸ்னைடர் தேசியப் பட்டம் ஒன்றுகூட வென்றதில்லை. பிறகு எதற்கு இந்தப் புகழ்?

பதில்: அவர் எங்கே தொடங்கினார் என்று பாருங்கள். அயோவா பல்கலைக்கழக அணியில் தலைமைப் பயிற்சியாளர் ஹேடன் ஃபிரையிடம் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளராக இருந்தவர். 1989 பருவத்துக்குப் பொறுப்பேற்றபோது கான்சாஸ் ஸ்டேட் அணி 27 ஆட்டங்களாக வெற்றியே கண்டிருக்கவில்லை. முதல் ஆண்டில் ஒரே ஒரு வெற்றி, பத்துத் தோல்விகள். 1998-இல் அதே அணி முதல் 11 ஆட்டங்களையும் வென்றது! ஒன்றுமில்லாத இடத்தில் அணியைக் கட்டி எழுப்பியவரைப் பட்டங்களை மட்டும் வைத்து அளப்பது அநியாயம்.

பதில்: 1998-இல் பிக் 12 (பல்கலைக்கழக அணிகளின் லீக்குகளில் ஒன்று) இறுதிப் போட்டியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்றது இன்றும் வலிக்கிறது. ஆனால் 2003-இல் தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை 35-7 என்று வீழ்த்தி பிக் 12 பட்டத்தை வென்றார்களே!

பதில்: எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது வேறு. எதிரணி வீரர்களுக்கும், குறிப்பாகக் காயமடைந்தவர்களுக்கு, ஊதா மையில் தன் கையாலேயே கடிதம் எழுதுவார். 2005-இல் ஓய்வு பெற்று, 2009-இல் 69 வயதில் திரும்பி வந்து, 2012-இல் இன்னொரு பிக் 12 பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். மொத்தம் 215 வெற்றிகள், எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்துக்காக.